பி.லிப் முடிச்சாச்சு, வேலையும் கிடைச்சாச்சு, வாசலில் ஒரு தோட்டமும்: கேள்வி பதில்

நூலக அறிவியல் இளநிலை (பி.லிப்) முடித்தவர்கள், முதல் வேலையில் இப்போதுதான் சேர்ந்தவர்கள், "நூலகத்தை ஒட்டி இடம் சும்மா கிடக்கிறதே, தோட்டம் போடுங்களேன்" என்ற மேலிடத்து உத்தரவில் மாட்டிக்கொண்டவர்கள் என மூன்று தரப்பும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பி.லிப் மாணவி, மதுரை: அக்கா, அடுத்து எம்.லிப்பா, நேரே வேலையா, நெட் தேர்வா? குழப்பமாக இருக்கிறது.

பள்ளி நூலகர் வேலைதான் இலக்கு என்றால் பி.லிப் போதும். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளிலும் அடிப்படைத் தகுதி அதுதான். ஆனால் இந்தியும் ஆங்கிலமும் புழங்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். கல்லூரி என்றால் முதுநிலைப் படிப்பான எம்.லிப் கட்டாயம். அதில் 55 சதவீதம் வேண்டும், கூடவே தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட், இல்லையேல் பிஎச்.டி. யுஜிசி நெட்டில் நம் பாடத்தின் எண் 59. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். எம்.லிப் கடைசி ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம்.

நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் முதல் தாளில்தான். வகைப்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு, தரவு விளக்கக் கணக்கிலும் தர்க்கத்திலும் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள்.

நேர்முகத்துக்குப் போகிறவர், திருச்சி: என்ன கேட்பார்கள்?

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதனின் ஐந்து விதிகள் எந்த ஆண்டு (1931), அவருடைய கோலன் வகைப்பாடு எந்த ஆண்டு (1933), சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் எது (மெட்ராஸ், 1948). இவை சம்பிரதாயக் கேள்விகள். சீர்காழிக்காரரான ரங்கநாதனைப் பற்றி நம்மூர் நேர்முகத்தில் கேட்காமல் விடமாட்டார்கள்.

உண்மையான சோதனை, மேசையில் நாலு புத்தகத்தை வைத்து "எண் போடுங்கள்" என்பதுதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811. கவிதை 894.8111, நாடகம் 894.8112, நாவலும் சிறுகதையும் 894.8113. தமிழ்நாட்டு வரலாறு 954.82, சமையல் 641.5, காய்கறித் தோட்டம் 635. தமிழ் இலக்கணத்தை இலக்கியத்தில் தள்ளிவிடாதீர்கள். அது மொழிப் பிரிவு, 494.811-இன் கீழ் வரும். அங்கேதான் பலர் மாட்டுவார்கள்.

புதிதாகச் சேர்ந்த நூலகர், தனியார் கல்லூரி, ஈரோடு: மேடம், முந்தைய நூலகர் விலகி எட்டு மாதம் ஆகிறது. "சுமார் 9,000 புத்தகம்" என்கிறார்கள். பதிவேடு அரைகுறை. பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். முதலில் எதைச் செய்வது?

கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். "சுமார்" என்ற சொல் இருக்கும் தாளில் நூலகர் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண் கொடுத்துப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரை எடுத்துக் கடைசி எண்ணைப் பாருங்கள். அது 9,412 என்று இருந்தால் 9,412 புத்தகம் இருக்கிறது என்று பொருள் இல்லை. அத்தனை எண் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். அதிலிருந்து முறைப்படி நீக்கியவை, பைண்டிங்குக்குப் போனவை, ஆசிரியர்கள், மாணவர்கள் கையில் உள்ளவை, துறை நூலகங்களுக்குக் கொடுத்தவை எல்லாவற்றையும் கழியுங்கள். மீதி அலமாரியில் இருக்க வேண்டும்.

எண்ணுவதற்குச் சுலபமான வழி: 1 முதல் கடைசி எண் வரை அச்சடித்த தாள், பக்கத்துக்கு 100 எண். ஒருவர் அலமாரியிலிருந்து எண்ணை வாசிக்க, மற்றவர் வட்டமிட வேண்டும். இருவர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் தாண்டலாம். வட்டம் விழாத எண்கள்தான் உங்கள் "காணவில்லை" பட்டியல். ஒரே எண் இரண்டு புத்தகத்தில் இருப்பதும், எண்ணே இல்லாத நன்கொடைப் புத்தகங்களும் கட்டாயம் வரும். அவற்றுக்குத் தனித் தாள் வையுங்கள். பழைய எண்ணை அடித்துத் திருத்தாதீர்கள். தணிக்கைக்கு வருபவர் ரசீதையும் அந்த எண்ணையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

முடித்த பிறகு கடிதம்: "இணைப்பில் கண்ட எண்களுள்ள நூல்கள் நேரில் காணப்படவில்லை. மற்றவற்றுக்கு மட்டும் பொறுப்பு ஏற்கிறேன்." இரண்டு படி, ஒன்றில் முதல்வர் அலுவலக முத்திரை. இதற்கு மூன்று வாரம் ஆகும். அதுவரை வகைப்பாட்டை மாற்றுவது, அலமாரியை இடம் மாற்றுவது, புது மென்பொருள் எதுவும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் அழகாக அடுக்கிவிட ஆசை வரும். அடுக்கிவிட்டால் எது எங்கே இருந்தது என்ற கடைசித் தடயமும் போய்விடும்.

பெயர் வேண்டாம், சேலம்: புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா?

மத்திய அரசு நிறுவனங்களுக்கான பொது நிதி விதிகள் 2017, விதி 215: ஓராண்டில் இரவல் கொடுத்த, நூலகத்துக்குள் படித்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை இழப்பு இயல்பானது. நேர்மைக்கேடோ அலட்சியமோ இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. 20,000 நூல் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு, 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. தனியார் நிறுவனத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் "நம் நூலக விதியிலும் இதைச் சேர்க்கலாமே" என்று முதல் நூலகக் குழுக் கூட்டத்திலேயே வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்கிவிடுங்கள். தொலைந்த பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

கோஹா பழகுபவர், கோவை: எக்ஸெல்லில் இருக்கும் 6,000 பதிவுகளைக் கோஹா நூலக மென்பொருளில் ஏற்றினேன். நூல் விவரம் வந்தது, பிரதிகள் வரவில்லை. ஏன்?

பத்தில் ஒன்பது முறை, பிரதி விவரங்கள் இருக்கும் 952 புலம்தான் காரணம். அதில் கிளைக் குறியீடும் நூல் வகைக் குறியீடும், நிர்வாகப் பக்கத்தில் நீங்கள் உருவாக்கியவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் பிரதி ஒட்டாது. பார்கோடு இரட்டித்திருந்தாலும் இதே கதைதான்.

ஏற்றுவதற்கு முன் எக்ஸெல்லில் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, ஐஎஸ்பிஎன் நிரலை "டெக்ஸ்ட்" ஆக்குங்கள். இல்லாவிட்டால் 13 இலக்கமும் அறிவியல் குறியீடாகச் சுருங்கிக் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். இரண்டு, 00125 போன்ற அக்சஷன் எண்ணில் முன்பூஜ்யம் போய்விடும், அதற்கும் அதே மருந்து. மூன்று, தமிழ்த் தலைப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவையா என்று பாருங்கள். அப்படியென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின் கொம்புகளும் ஸ்ரீ, க்ஷ எழுத்துகளும் சரியாக வந்தனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நான்கு, ஆசிரியர் பெயர். "க. சுந்தரம்" என்று ஏற்றினால் அவர் "க"வில் போய் உட்கார்ந்துகொள்வார். "சுந்தரம், க." என்று மாற்றுங்கள். புனைபெயர் தலைப்புப் பக்கத்தில் இருந்தால் அதையே வையுங்கள்.

எக்ஸெல் தாளை மார்க்எடிட் மென்பொருளில் நூலகப் பதிவு வடிவத்துக்கு மாற்றியதும் ஆறாயிரத்தையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். முதலில் 20 பதிவு, அதிலும் தமிழ் பத்து, ஆங்கிலம் பத்து. சரியாக இருந்தால் 500, 500-ஆக. உபுண்டு, டெபியனில் தொகுப்பாக நிறுவிய கோஹா தினமும் தானே காப்புப் படி எடுக்கும். ஆனால் அது அதே கணினியின் வட்டில்தான் கிடக்கும். வாரம் ஒருமுறை வெளி வட்டுக்கு மாற்றுங்கள். வட்டே போனால் காப்பும் சேர்ந்து போய்விடும்.

பள்ளி நூலகர், தஞ்சாவூர்: நூலகத்தை ஒட்டி 20க்கு 20 அடி காலி இடம். காய்கறித் தோட்டம் போடச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். எங்கே தொடங்குவது?

சுவரிலிருந்து. பாத்திக்கும் நூலகச் சுவருக்கும் குறைந்தது 3 அடி விடுங்கள். தினமும் நீர் ஊற்றும் மண் சுவரைத் தொட்டால் அடித்தளம் வழியே ஈரம் ஏறும், பின்னாலேயே கரையான் வரும். அது செடியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் காகிதத்துக்குத்தான் போகும். பந்தல் குச்சியைச் சுவரில் சாய்க்காதீர்கள், ஜன்னல் கம்பியில் கொடி ஏற்றாதீர்கள், நீர் வழிவது சுவருக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். உள்ளே அலமாரிக்கும் சுவருக்கும் அரை அடி இடைவெளி விட்டு, மாதம் ஒருமுறை டார்ச் அடித்து மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடமாக இருந்தால் தோட்டம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நூலகர் முதலில் நூலுக்குத்தான் காவல்.

அடுத்தது வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும். கட்டடத்தின் வடபக்கம் என்றால் மார்கழியில் நிழல் நீண்டுவிடும், கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முழு இடத்தையும் கொத்தாதீர்கள். 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் இரண்டு பாத்தி போதும். 4 அடிக்கு மேல் போனால் பிள்ளைகள் நடுவில் கை எட்டாமல் பாத்திக்குள் மிதிப்பார்கள். கட்டட இடிபாடு கலந்த மண்ணாக இருந்தால் ஒரு அடி ஆழம் கொத்திச் செங்கல், சிமெண்டுத் துண்டுகளைப் பொறுக்குங்கள். பாத்திக்கு 10 கிலோவுக்குக் குறையாமல் மக்கிய தொழு உரம், அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நீர் விட்டு, பத்து நாள் ஆறவிட்டு விதையுங்கள். மக்காத சாணம் போட்டால் சூட்டில் வேர் கருகும், கரையானுக்கும் அழைப்பு.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: என்ன போடலாம்?

பள்ளி நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆடிப்பட்டத்தில் போட்டால் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். கோடை விடுமுறையில் நீர் ஊற்ற ஆளிருக்காது. ஒரு பாத்தியில் வெண்டை: வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி, குழிக்கு இரண்டு விதை. 10 கிராம் பொட்டலம் மிஞ்சும். 45 நாளில் காய் வரும், அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். வெள்ளி பறித்துத் திங்கள் வந்தால் முற்றியிருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த பாத்தியில் பாதி சிறுகீரை, 25 நாளில் பிடுங்கிவிடலாம். மீதியில் கத்தரி நாற்று ஆறு, இரண்டடி இடைவெளியில். அவரை என்றால் செடி அவரை வாங்குங்கள். பந்தல் அவரை தை வரை காத்திருக்க வைக்கும்.

மாடித்தோட்டக்காரர், சென்னை, புது வேலை, வாடகை வீடு: நாற்று முளைத்து ஒரு வாரத்தில் தண்டு சூம்பிச் சாய்கிறது. பிழைத்த மிளகாயும் இலை சுருள்கிறது.

சாய்வது நாற்றழுகல். நெருக்கமாகத் தூவியதும், காலை மாலை இரண்டு வேளை ஊற்றியதும்தான் காரணம். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, மேல்மண் காய்ந்த பிறகே நீர். அடுத்த முறை விதையில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நல்ல பாக்டீரியா) பொடி புரட்டி விதையுங்கள். தென்னைநார்க் கட்டி வாங்கினால் இரண்டு முறை நல்ல நீரில் அலசிப் பிழியுங்கள். உப்பு தங்கினாலும் நாற்று திணறும்.

இலைச் சுருட்டலில் திசையைப் பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிலந்திப் பேன். இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஐந்தாறு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடியில் படும்படி. வாரம் ஒன்று, மூன்று வாரம். சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 3 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும். உச்சி வெயிலிலும் கூடாது.

வாடகை வீடு என்கிறீர்கள். ஓரடிப் பை ஒன்று நனைந்தால் 15 கிலோ தாண்டும். தூண், உத்தரம் ஓடும் ஓரங்களில் செங்கல் மேல் வையுங்கள், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஊர்ப்புற நூலகர், நெல்லை: புத்தகம் போல விதையும் இரவல் கொடுக்கலாம் என்கிறார்களே. நடக்கிற காரியமா?

நடக்கும், சிறிதாகத் தொடங்கினால். வெண்டை, கத்தரி, தக்காளி, அவரை நான்கோடு நில்லுங்கள். பூசணி, சுரை, பீர்க்கு வேண்டாம். தேனீ அடுத்த வீட்டுச் செடியோடு கலந்துவிடும், அடுத்த ஆண்டு என்ன காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹைப்ரிட் விதையும் எடுக்காதீர்கள், தாயைப் போல வராது.

வெண்டையைச் செடியிலேயே காய்ந்து வெடிக்கும்வரை விடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளிச் சாற்றோடு விதையை நம் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி நிழலில் உலர்த்துங்கள். மூன்றாம் நாள் விட்டால் டப்பாவிலேயே முளைத்துவிடும். உறையில் பயிர், ரகம், கொடுத்தவர் ஊர், அறுவடை மாதமும் ஆண்டும் எழுதுங்கள். ஆளுக்கு 15 விதை, திருப்பும்போது 30.

கோஹாவில் பார்கோடு போட்டு ஏற்றாதீர்கள். போன உறை திரும்பி வராது, வேறு உறைதான் வரும், ஆண்டு முழுக்க நிலுவை அறிவிப்பு ஓடும். ஒரு நோட்டுப் போதும். திரும்பி வந்த விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்த உறையை இரவலுக்கு வைக்காதீர்கள். டப்பாவை நூலகத்தில் வைப்பதாக இருந்தால் இறுக மூடும் கண்ணாடிச் சீசா, அடியில் காய்ந்த சாம்பல். அட்டைப் பெட்டியில் வைத்தால் வண்டு பிடிக்கும், அந்த அட்டையைத் தேடி இராமபாணப் பூச்சியும் வரும்.