ரிவர்டனில் வீடு பார்த்திருக்கும் தம்பிக்கு

"நியூஜெர்சியில் ரிவர்டன் என்ற ஊரில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். குவேக்கர்கள் உண்டாக்கிய ஊராம். மதக் கட்டுப்பாடு ஏதும் இருக்குமா, நமக்கு ஒத்துவருமா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் அடுத்த ஊரான பால்மைராவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சாயங்கால நடை ரிவர்டன் ஆற்றங்கரையில்தான்.

குவேக்கர்கள் என்பது கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. முதலில் அந்தக் குவேக்கர் ஓட்ஸ் டப்பாவை மறந்துவிடுங்கள். அதில் தொப்பி போட்டுச் சிரிக்கிறாரே பெரியவர், அவருக்கும் குவேக்கர் சபைக்கும் சம்பந்தமில்லை. நாணயமானவர்கள் என்று அவர்களுக்கு இருந்த நல்ல பெயரை வியாபாரிகள் சரக்குக்கு வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நிஜக் குவேக்கர்கள் 1677இலேயே கப்பலில் வந்து, லெனாப்பே என்ற பூர்வகுடி மக்களின் மண்ணில், டெலவேர் ஆற்றங்கரையில் பர்லிங்டனை அமைத்துவிட்டார்கள். ரிவர்டன் ரொம்பப் பிந்தியது. 1851இல் ஃபிலடெல்ஃபியாவின் வசதியான குவேக்கர்கள் சிலர் கோடை வெக்கைக்குப் பயந்து ஆற்றின் இக்கரையில் நிலம் வாங்கி, சாமுவேல் ஸ்லோன் என்ற கட்டடக் கலைஞரிடம் தெரு, வீடு என்று மொத்த ஊரையும் வரைந்து தரச் சொன்னார்கள். ஊட்டியில் பங்களா கட்டுகிற ஆசைதான். இவர்கள் கூட்டுச் சேர்ந்து ஊராகவே கட்டிக்கொண்டார்கள். 1893இல் தனி பரோ ஆனது. பரோ என்றால் நம் பேரூராட்சி மாதிரி. பரப்பு ஒரு சதுர மைலுக்குள், ஜனம் 3,000கூட இல்லை.

ஓய்வுக்குக் கட்டிய ஊர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். பெரிய திண்ணைகள், ஆற்றைப் பார்த்த வீடுகள், கடைகள் குறைவு. இட்லி அரிசிக்கு செர்ரி ஹில் பக்கம் காரை எடுக்க வேண்டியதுதான். படகுத்துறையின் மேலேயே நிற்கும் யாட் கிளப், அதாவது பாய்மரப் படகுச் சங்கம், 1865இல் தொடங்கியது. அங்கே நின்று தண்ணீரைப் பாருங்கள். கடல் ஓதம் இங்கேயும் தாண்டி டிரென்டன் வரை ஏறுவதால், தினமும் இரண்டு முறை ஆறு மேல்நோக்கி ஓடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன்.

கையெழுத்துப் போடும்முன் போன குளிர்காலத்து எரிவாயு பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உயர்ந்த கூரையும் பழைய ஜன்னலும் சூட்டைத் தின்றுவிடும். நான் முதலில் குடியிருந்த பழைய வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் டங் டங் என்று தட்டும். முதல் வாரம் திருடன் என்று பயந்து விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினோம்.

மதக் கட்டுப்பாடு என்று ஒன்றும் கிடையாது. குவேக்கர்களைப் பார்க்க ஆசையிருந்தால் பக்கத்தில் சின்னமின்சனில் வெஸ்ட்ஃபீல்ட் சபை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை அழைத்துப் போனார். பூசாரி இல்லை, பாட்டு இல்லை, எல்லாரும் கம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாட்டி எழுந்து இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். மறுபடி அமைதி. சத்தியம் செய்வது இவர்களுக்கு ஆகாது. எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது இவர்கள் கட்சி. பின்னால் நீங்கள் குடியுரிமை வாங்கும்போது, 'சத்தியம் செய்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்லவும் வழியுண்டு. இந்த நாட்டுச் சட்டத்தில் அந்த வழி இருப்பதற்கு இவர்களின் பிடிவாதம் ஒரு பெரிய காரணம்.

போக்குவரத்துக்கு, ஊருக்குள்ளேயே ரிவர் லைன் ரயில் நிற்கும். ஒரு பக்கம் கேம்டன், மறு பக்கம் டிரென்டன். காரில் ஃபிலடெல்ஃபியா போனால் 1929இல் கட்டிய டக்கோனி-பால்மைரா பாலம். கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள், கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஜப்பானிய வண்டு அமெரிக்காவில் முதன்முதலில் கண்ணில் பட்டது 1916இல், ரிவர்டனை ஒட்டிய ஒரு நாற்றுப்பண்ணையில். பச்சைத் தலை, செம்பு நிறச் சிறகு, பார்க்க நகை மாதிரி இருக்கும். ஜூன் கடைசியில் வந்து அவரை இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்னும். விடியற்காலையில் குளிருக்கு மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக்கொண்டு கொடியைத் தட்டினால் தானாக விழும். வந்து இறங்கியதும் சொல்லுங்கள், அவரை விதை என்னிடம் இருக்கிறது. வாளி மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.