பழைய தேதியில் புது ஒப்பந்தம் போடாதீர்கள்

கேள்வி: கோவையில் பேக்கிங் மெஷின் தயாரிக்கிறோம். ஒஹாயோவில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிய மெஷினைப் பொருத்திக் கொடுக்க என் ஃபிட்டரை பி-1 விசாவில் (தொழில் விஷயமாகக் குறுகிய காலம் போய்வரும் விசா) அனுப்பினேன். சிகாகோ ஏர்போர்ட்டில் 14 மணி நேரம் உட்கார வைத்து, அவமானப்படுத்தி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஷின் ஓடினால்தான் பாக்கி 20 சதவீதம் என்கிறது அந்தக் கம்பெனி. பர்சேஸ் ஆர்டரில் இன்ஸ்டலேஷன் பற்றி ஒரு வரியும் இல்லை, எல்லாம் போனில் பேசியது. ஃபிட்டருக்கு நாளுக்கு 150 டாலர் சம்பளம் அவர்களே தருவதாகப் பேச்சு. பழைய தேதியில் ஒப்பந்தம் போட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். அமெரிக்க அரசு மீது வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கை மறந்துவிடுங்கள். விசா வாசல்வரை கூட்டிப்போகும். உள்ளே விடுவதா என்பது அங்கே நிற்கும் அதிகாரியின் முடிவு. 14 மணி நேரத்துக்கு நஷ்டஈடு வாங்கிய கட்சிக்காரர் எனக்கு யாரும் இல்லை.

இரண்டு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது பர்சேஸ் ஆர்டர் பற்றிய அந்த ஒரு வரிதான். வெளிநாட்டில் வாங்கிய மெஷினைப் பொருத்த பி-1-இல் போகலாம். ஆனால் பொருத்தித் தருவது விற்பவர் பொறுப்பு என்று விற்பனை ஒப்பந்தமே சொல்ல வேண்டும், போகிறவருக்கு அந்த மெஷினில் தனித் தேர்ச்சி இருக்க வேண்டும், அமெரிக்கக் காசில் சம்பளம் வாங்கக் கூடாது. உங்களிடம் முதலாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. ஃபிட்டர் ‘வேலைக்கு வந்தேன், அந்தக் கம்பெனி நாளுக்கு 150 டாலர் தரும்’ என்று உண்மையைச் சொல்லியிருப்பார். அவரைத் திட்டாதீர்கள்.

2025 செப்டம்பரில் ஜார்ஜியாவின் ஹூண்டாய்-எல்ஜி பேட்டரி ஆலையில் 475 பேரைக் குடியேற்ற அதிகாரிகள் பிடித்தார்களே, அதில் 300-க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். பி-1-இல் வந்தவர்களும் இருந்தார்கள். பெரிய கம்பெனிக்கே அந்த நிலை.

எனக்குப் பயம் உங்கள் ஏஜென்ட் மீதுதான். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: விசா மறுக்கப்பட்டதா, நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, நுழைவு விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கினீர்களா? மூன்றும் ஒரே கேள்வியில். ‘நாமாகத்தானே திரும்பி வந்தோம்’ என்று ஏஜென்ட் ‘இல்லை’யைத் தட்டிவிடுவார். கையெழுத்து விண்ணப்பதாரருடையது. இப்படி ஒருவர் என்னிடம் வந்தபோது காரியம் கெட்டிருந்தது. ஏர்போர்ட் கேள்வி-பதில், பக்கத்துக்குப் பக்கம் அவரே போட்ட சுருக்கொப்பத்தோடு, தூதரக அதிகாரி கையில் இருந்தது. பொய்த் தகவல் என்று முடிவானால் ஆயுள் தடை. விலக்கு கேட்கலாம்தான், ஆனால் கேட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய தேதி ஒப்பந்தமும் இதே குழிதான். ஏர்போர்ட்டில் ‘ஒப்பந்தத்தில் இல்லை’ என்று பதிவாகியிருந்து, அதற்கு முந்தைய தேதியில் ஒப்பந்தம் முளைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். உங்களுக்குப் போவது 20 சதவீதம். அவருக்கு அந்த நாடே போகும்.

ஆகவே பேசி முடியுங்கள். அங்கேயே ஒரு டெக்னீஷியனை வைக்கச் சொல்லி, உங்கள் ஃபிட்டர் வீடியோவில் வழிகாட்டட்டும். அந்தச் செலவைப் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 20-இல் 12 வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆர்டரில் இன்ஸ்டலேஷன் ஷரத்தைப் பணம் பேசும் முன்பே எழுதுங்கள், சம்பளம் கோவையிலிருந்தே போகட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஃபிட்டர் கொண்டுவந்த காகிதங்களைப் பாருங்கள். ஐ-275 என்றிருந்தால் நுழைவு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியதாகப் பொருள், விசா போனதோடு சரி, உண்மையைச் சொல்லி மறுபடி விண்ணப்பிக்கலாம். ஐ-860 என்றிருந்தால் வெளியேற்ற உத்தரவு, 5 வருடம் தனி அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. எது என்று நீங்கள் எழுதவே இல்லை. ஸ்கேன் செய்து அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.