வலைப்பூவுக்கு நிரந்தர வாசகர்களைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: பல மாதங்களாகச் சொந்த வலைப்பூவில் எழுதி வருகிறேன். பார்வைகள் வருகின்றன, ஆனால் வந்தவர்கள் திரும்பி வருவதில்லை. தொடர்ந்து வாசிப்பவர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்:

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை. "உங்க பதிவை எத்தனை பேர் படிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வாசகர் கூட்டம் சிறியதுதான். ஆனால் அதில் பெரும்பாலானவர்கள் வருடக்கணக்காக வருகிறவர்கள். அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

முதலில், யாரும் திரும்பி வரவில்லை என்பது எப்படித் தெரிந்தது? புள்ளிவிவரப் பக்கத்தில் 'புதிய பார்வையாளர்' என்று காட்டுவதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை அப்படியே நம்பாதீர்கள். ஒருவர் திரும்பி வந்தாரா என்பதை அந்தக் கருவிகள் பெரும்பாலும் அவருடைய உலாவியில் விட்டுவைக்கும் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2019 முதல் இப்படிப்பட்ட குக்கிகளை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. மாதம் ஒருமுறை தவறாமல் வந்து படிக்கிற ஐபோன்காரர் உங்கள் கணக்கில் ஒவ்வொரு முறையும் புது ஆள். ஓடை (புதுப் பதிவுகளை வாசிப்புச் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் RSS) வழியாகப் படிக்கிறவர் உங்கள் பக்கத்தைத் திறக்கவே வேண்டியதில்லை, அவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆக, உங்களுக்கு ஏற்கெனவே சில நிரந்தர வாசகர்கள் இருந்து, அது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் எழுதுவது வெறும் கண்ணால் வானம் பார்ப்பதைப் பற்றி. தொலைநோக்கி இல்லாதவர்களுக்காக மாதந்தோறும் எந்தக் கோள் எந்தத் திசையில் தெரியும், எந்த விண்மீனை எப்படி அடையாளம் காண்பது என்று எழுதுவேன். ஆரம்பத்தில் எனக்கும் உங்கள் நிலைமைதான். தேடுபொறி வழியாக வருவார்கள், வேண்டியதைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

2019 டிசம்பரில் திருவாதிரை (ஆங்கிலத்தில் பெடல்ஜூஸ்) விண்மீன் மங்கி வருவது செய்தியானது. வானத்தில் மிகப் பிரகாசமான பத்துப் பன்னிரண்டு விண்மீன்களில் ஒன்றாக இருந்தது, பார்க்கும்போதே தெரிகிற அளவுக்கு ஒளி இழந்தது. அது வெடிக்கப் போகிறது என்று எங்கு பார்த்தாலும் தலைப்புகள். நானும் எழுதினேன். வெடிக்குமா என்ற கேள்விக்கு, இன்றோ நாளையோ வெடிக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, மீதிப் பதிவு முழுக்க வாசகர்களிடம் ஒரு வேலை கேட்டேன். இரவில் வெளியே போய், திருவாதிரையை ரோகிணி (ஆங்கிலத்தில் அல்டெபரான்) விண்மீனோடு ஒப்பிடுங்கள். திருவாதிரை, ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ விண்மீன் கூட்டத்தின் ஒரு தோள்; அப்புறம் அதன் இன்னொரு தோளில் இருக்கிற பெல்லாட்ரிக்ஸோடு ஒப்பிடுங்கள். எது பிரகாசமாகத் தெரிகிறது? பார்த்த தேதியோடு கீழே எழுதுங்கள்.

எழுதினார்கள்! முதலில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் போட்டேன். "நன்றி, தொடர்ந்து வாருங்கள்" என்கிற வகைப் பதில் இல்லை. அவர்கள் பார்த்த நேரத்தில் விண்மீன் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்ததா, அதனால் மங்கித் தெரிந்திருக்குமா, மறுபடி எப்போது பார்த்தால் நல்லது என்று விவரமாக எழுதினேன். அடுத்த பதிவில் அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு அட்டவணையாகப் போட்டேன். தன் பெயர் அந்த அட்டவணையில் இருக்கிறதைப் பார்க்க ஒருவர் வருவாரா மாட்டாரா? வந்தார்கள். மறுபடி பார்த்தார்கள், மறுபடி எழுதினார்கள். பிப்ரவரியில் அது வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே இறங்கி, பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. ரோகிணியைவிட மங்கல் என்று எல்லாரும் சொன்னபோது, ஒருவர் மட்டும் இல்லை இரண்டும் சமம் என்று சாதித்தார். மற்றவர்கள் அவரோடு வாதாடினார்கள். நான் குறுக்கே போகவில்லை. ஏப்ரலில் விண்மீன் பழைய ஒளிக்குத் திரும்பியபோது அதை எனக்குச் சொன்னதே அவர்கள்தான். அந்த விண்மீன் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசாகி, நமக்கும் அதற்கும் நடுவில் திரையாக நின்றது என்ற விளக்கத்தை 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைப் பற்றி எழுதிய அன்று, பழைய அட்டவணைக்காரர்களில் ஏறக்குறைய எல்லாருமே வந்து பேசினார்கள்.

இதற்கு நடுவில் 2020 டிசம்பர் 21 வந்தது. வியாழனும் சனியும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கி நின்ற நாள். 1623க்குப் பிறகு அவை அவ்வளவு நெருங்கியதில்லை. எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் என்று படம் வரைந்து நான் போட்ட பதிவுக்கு அதுவரை கண்டிராத கூட்டம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழையபடி. அந்தக் கூட்டத்திலிருந்து நிலையாக ஒட்டிக்கொண்டவர்கள் என்று எனக்கு யாரையும் சொல்லத் தெரியவில்லை. இரண்டுமே வானத்தில் நடந்த அபூர்வம், இரண்டையும் எழுதியது ஒரே ஆள். முன்னதில் வாசகருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, செய்ததைச் சொல்ல இடம் இருந்தது, சொன்னதற்குப் பதில் கிடைத்தது. பின்னதில் தகவல் மட்டும்தான் இருந்தது. தகவல் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

"இது வானம் பார்க்கிறவர்களுக்குச் சரி, கவிதையோ சொந்த அனுபவமோ எழுதுகிறவன் வாசகனுக்கு என்ன வேலை கொடுப்பது?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதியவர்களைப் பராமரிப்பது பற்றி எழுதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தனக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒன்றைக் கேட்பார். இரவில் எழுந்து நடக்கிறவருக்குக் கதவை என்ன செய்தீர்கள் என்பது மாதிரி. "உங்கள் கருத்து என்ன?" என்று சும்மா கேட்டால் வாசகருக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லும் விடை உங்களுக்குத் தேவைப்பட வேண்டும், வந்த விடை அடுத்த பதிவில் எங்காவது தலைகாட்ட வேண்டும்.

தேடுபொறிக்கு ஏற்றபடி எழுதுவதைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று சிலருக்குக் கோபம் வரலாம். அதைக் குறை சொல்லவில்லை. புது ஆளை வாசல் வரை கொண்டுவர அது வேண்டும். நீங்கள் கேட்டது வந்தவர் தங்குவதைப் பற்றி என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லையென்றாலும். அந்த வியாழன் சனிப் பதிவை ஒரு இணைய இதழ் வரிக்கு வரி எடுத்துப் போட்டது. நான் கையால் வரைந்த படத்தின் ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, படத்தையும் போட்டது. கேட்டு எழுதினால், "உங்களுக்கும் விளம்பரம்தானே" என்று பதில் வந்தது. பெயரையே வெட்டிய பிறகு யாருக்கு விளம்பரம்? இரவெல்லாம் உட்கார்ந்து கோணம் கணக்கிட்டு வரைந்தவனுக்கு ஒரு வரி நன்றி எழுதக்கூட மனம் வராதவர்கள், எழுத்தாளர் உரிமை பற்றித் தலையங்கம் எழுதுகிறார்கள். என் நிரந்தர வாசகர்கள்தான் அந்தப் பக்கத்துக்குப் போய் மூலப் பதிவின் முகவரியைப் பின்னூட்டத்தில் ஒட்டினார்கள். இதழ் நீக்கியது, இவர்கள் மறுபடி ஒட்டினார்கள். கடைசியில் இதழ் கட்டுரையையே எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் வந்து போனவர்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

வாசகர்களோடு தொடர்பு விட்டுப் போகாமல் இருக்க ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் பின்தொடர்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தளம் பதிவுகளைக் காட்டும் முறையை மாற்றினால் உங்கள் பதிவு அவர்கள் கண்ணில் படாது. பலரும் பதிவுகளைப் படிக்கப் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகுளின் சமூகத் தளமான கூகுள் பிளஸ் போனபோது, அதே நிறுவனத்தின் வலைப்பூச் சேவையான பிளாக்கர் பக்கங்களில் அதன் வழியாக இட்ட பின்னூட்டங்களும் சேர்ந்து போயின. அதனால் மின்னஞ்சல் சந்தா ஒன்று வையுங்கள், முகவரிப் பட்டியலை அவ்வப்போது இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள், பின்னூட்டங்களோடு சேர்த்து வலைப்பூ முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஓடையில் முழுப் பதிவையும் கொடுங்கள், பாதியில் வெட்டாதீர்கள். அனுப்பும் அஞ்சலுக்கு வாசகர் பதில் எழுதினால் அது உங்களுக்கு வந்து சேருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். 'பதில் அனுப்ப வேண்டாம்' முகவரியிலிருந்து போகிற அஞ்சலுக்கு யார் மனம் விட்டு எழுதுவார்கள்? பொதுவில் பின்னூட்டம் இடக் கூச்சப்படுகிற பலர் அஞ்சலில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எத்தனை பேர் அஞ்சலைத் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அஞ்சலில் ஒளித்துவைத்த ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் மெயில், ஆள் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும் வசதியைத் தருவதால், அந்த எண் ஊதித் தெரியும்.

எழுதும் நாளையும் மாற்றாதீர்கள். மாதத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்று போதும், அது வழக்கமான நாளில் வர வேண்டும். நான் மாதம் பிறப்பதற்கு முன்பே அந்த மாத வானத்தைப் போட்டுவிடுவேன். தாமதமானால் கேட்டு அஞ்சல் வரும்.

எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. கீழே சொல்லுங்கள், உங்கள் வாசகர்களிடம் முதலில் என்ன கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.