பச்சை என்றால் என்ன?

கேள்வி: உலகமயமாதல் காலத்தில் காட்சிவழித் தகவல் தொடர்பின் பங்கு என்ன? மொழி தெரியாதவர்களுக்கும் படம் தானே புரிந்துவிடுகிறது, அல்லவா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பங்கு பெரியதுதான், சரி. என் வழக்கு உங்கள் ‘தானே’யோடு. படம் தானே புரியாது. யாராவது ஒரு தடவையாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு தாய்லாந்தில், பாங்காக்கை அடுத்த சமுத் பிராகானில் நடந்ததைப் பாருங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பழைய இயந்திரத்தின் தலைப்பகுதி ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60, கதிர்வீச்சை வீசிக்கொண்டே இருக்கும் உலோகம். மேலே கதிர்வீச்சுச் சின்னம் இருந்தது. உலகம் முழுக்க ஒரே மாதிரி போடும் மூன்று இதழ்ச் சின்னம்தான். தெரியாதவர் பார்த்தால் ஃபேன் இறக்கை என்பார். கடையில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. அவர்கள் மொழியில் எச்சரிக்கையும் இல்லை. வெட்டிப் பிரித்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட விபத்துகளுக்கு அப்புறம்தான் சர்வதேச அணுசக்தி முகமை 11 நாடுகளில் 1,650 பேரிடம் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டது. இந்தியாவும் அதில் உண்டு. 2007இல் புதுச் சின்னம் வந்தது: சிவப்பு முக்கோணத்துக்குள் அதே மூன்று இதழ், அதிலிருந்து இறங்கும் அலைகள், கீழே மண்டை ஓடு, பக்கத்தில் தப்பி ஓடும் மனிதன். இயந்திரத்தைப் பிரிக்கப் போகிறவன் கண்ணில் படுகிற இடத்தில் அதை ஒட்டச் சொன்னார்கள். நாலு பேரிடம் கேட்டு வரைந்த படம் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை.

நம் ஊருக்கு வாருங்கள். பூச்சிக்கொல்லி புட்டியில், மூலையில் நிற்கிற மாதிரி ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஏதாவது ஒன்று. சிவப்பு கடும் விஷம். பச்சை? நஞ்சில் கடைசிப் படி, ஆனாலும் நஞ்சு. அதே பச்சை பிஸ்கட் பாக்கெட்டில் புள்ளியாக இருந்தால் சைவம். சிக்னலில் எரிந்தால் ‘போ’. வயலில் நிற்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

போன மாதம் அப்படி ஒரு புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கூடவே மடித்து வைத்த தாளில் தமிழும் இருந்தது. எழுத்து கடுகைவிடச் சின்னது. கண்ணாடி போட்டும் இரண்டு வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கை நிறையத் தெளிப்பான் வைத்திருப்பவர் அதை எங்கே நின்று படிப்பார்?

இதில் நாம் வேறு அதை ‘மருந்து’ என்கிறோம். ‘மருந்தடிக்கப் போயிருக்கிறார்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது: அது மருந்தில்லை, நஞ்சு. காய்ச்சலுக்குக் குடிப்பதற்கும் அதற்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, லேபிளில் ஒரு வண்ணத்தைப் பூசி, மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது அநியாயம்.

அடுத்த முறை உங்கள் ஊர் உரக்கடைக்குப் போனால், பச்சை என்றால் என்ன என்று வாங்க வந்த நாலு பேரிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.