ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் எஞ்சின் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது, அதுவும் கியரில் இருக்கும்போதுதான், நியூட்ரலில் இல்லை. என்னவாக இருக்கும்?

நியூட்ரலில் அமைதி, கியர் போட்டு அழுத்தினால் கடகடப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் என் பெட்ரோல் காருக்கும் இதே தொந்தரவுதான்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து சரிவில் ஏறும்போது காலடியில் கடகடவென்று அதிரும். ரோட்டுக்கு வந்து நிதானமாக ஓட்டினால் ஒன்றுமிருக்காது. சர்வீஸ் சென்டரில் டைமிங் செயின் (எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்க உதவும் சங்கிலி) என்று சொல்லி 26,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர்கூட வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்க்கவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தருமபுரிக்காரரிடம் போனேன். "நீங்க ஓட்டுங்கண்ணா, நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்" என்றார். சத்தம் எப்போது வருகிறது என்பதைத்தான் அவர் முதலில் பிடித்தார். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

நின்ற இடத்தில் ரேஸ் செய்தாலே சத்தம் வந்தால் பெல்ட், டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்), செயின், கழன்ற ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) என்று தேடலாம். செயின் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே சில நொடி கரகரக்கும். ஓடும்போது கிளட்சை மிதித்த பிறகும் வண்டியின் வேகத்தோடு ஊளையிட்டால் வீல் பேரிங் அல்லது டயர்.

உங்களுடையது இழுவையில் மட்டும் வருகிறது. இதில் முக்கியமாக இரண்டைப் பாருங்கள். ஒன்று நாக்கிங். தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவது போலக் கேட்கும். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே அழுத்தினால் வரும், கியரைக் குறைத்தால் போய்விடும். பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் தானாகவே பற்றிக்கொள்வதால் வருவது அது. கார்பன் படிந்திருந்தாலும், ஆக்டேன் (இப்படித் தானாகப் பற்றாமல் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோலாக இருந்தாலும் வரலாம்.

இன்னொன்று எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினை வண்டியோடு பிடித்துத் தாங்கும் ரப்பர் வைத்த தாங்கி. என் வண்டியில் அதுதான். அந்தத் தருமபுரிக்காரர் பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை இம்மி இம்மியாக விட்டார். நான் ஃபெண்டர் பக்கமாக நின்று பார்த்தேன் (வண்டிக்கு நேர் முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது). எஞ்சின் இரண்டு விரல் உயரம் எம்பியது. ரிவர்ஸில் அதே போல விட்டதும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. டார்ச் அடித்தால், வலது பக்க மவுண்டின் ரப்பர் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. பிராக்கெட்டில் இரும்பும் இரும்பும் உரசிய இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் 1,850 ரூபாய்க்கு மவுண்ட் வாங்கிக் கொடுத்தேன். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைத்து, நடுவில் பலகை கொடுத்துத் தாங்கிக்கொண்டு மாற்றினார். கூலி 600. அன்று மாலையே அதே சரிவில் ஏறினேன், சத்தம் இல்லை.

சரி, ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். அடித்தொண்டையிலிருந்து வருவது போல டங்டங்கென்று கனமாக இடித்து, ஆயில் விளக்கும் எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் அரை கிலோமீட்டர்தான் என்றாலும் ஓட்டிப் போகாமல் டோ செய்யச் சொல்லுங்கள்.