திருகோணமலைக்காரரான உங்களுக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானப் புனைகதை எது?

படம், தொடர், கேம் எல்லாம் பார்த்தாச்சு. எனக்கு இன்னும் ஆர்தர் சி. கிளார்க்கின் 1979 நாவல் ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’தான். (அவருடைய ‘2001’ படத்தில் பாதியிலேயே நித்திரை வந்துவிட்டது, மன்னிக்கவும்.)

பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. கேபிளைத் தாங்கும் செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தால்தான் ஒரே இடத்தில் நிற்கும். கதை நடக்கிற தீவு இலங்கையை வைத்துத்தான் எழுதப்பட்டது; இலங்கையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே. மனுசன் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவிட்டார்!

இன்னொன்று, எங்கட ஊர்ப்பாசம். 1956இல் கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடி, இடிக்கப்பட்ட பழைய கோயிலின் கற்களைக் கடலடியில் கண்டவர்கள். அந்த மலையில் உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தால், நாவலைவிட அதுதான் முதலில் ஞாபகம் வரும்.