காப்பகத்தில் ஒரு படுக்கை கிடைத்தால் போதுமா?

கேள்வி: தெருவில் கிடப்பவர்களுக்குக் காப்பகத்தில் படுக்கையும் சாப்பாடும் கொடுக்கிறார்கள், சரி. அதனால் வாழ்க்கை எப்படி மாறும்?

பதில்: படுக்கையால் மட்டும் மாறாது, ஆனால் அது இல்லாமல் எதையும் ஆரம்பிக்க முடியாது. தெருவில் தூங்குகிறவருக்கு ராத்திரி முழுக்க அரைத் தூக்கம்தான். பையை யாராவது தூக்கிப் போய்விடுவார்களா, உதைத்து எழுப்பி விரட்டுவார்களா என்ற பயம் விடியும்வரை போகாது. சில நாள் கதவுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்கவே முடியும்.

அப்புறம் அடையாள அட்டை. தெருவில் அது திருடு போகும், மழையில் நனைந்து வீணாகும். அது இல்லாவிட்டால் முறையான வேலை கிடைப்பது கஷ்டம், வங்கிக் கணக்கும் உதவித்தொகையும் கஷ்டம். புதிதாக வாங்கப் போனால் முகவரி கேட்பார்கள், முகவரிக்கு எங்கே போவார்? இந்த முடிச்சைத் தனி ஆளாக அவிழ்ப்பது ரொம்பக் கடினம். நல்ல காப்பகம் தன் முகவரியையே அவருக்குக் கொடுத்து, அவர் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்து, சாமான்களைப் பூட்ட ஒரு லாக்கரும் கொடுக்கிறது. வேலை கேட்டுப் போகும் நாளில் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப முடிகிறது. அங்குள்ள சமூகப் பணியாளர் கூடவே அலுவலகம் வரை போய், வரிசையில் நின்று, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிறார். பல இடங்களில் விரட்டப்பட்டவர் பக்கத்தில் தனக்காகப் பேச ஓர் ஆள் நிற்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

பதில்: முன்பின் தெரியாத நாற்பது பேரோடு ஒரே கூடத்தில் படுப்பது சொகுசு இல்லையே! காப்பகத்துக்கு வருகிறவர்களில் வேலைக்குப் போய்க்கொண்டே வாடகை கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள், அடி தாங்காமல் குழந்தையோடு வீட்டைவிட்டு வந்த பெண்கள் இருக்கிறார்கள், சிகிச்சை கிடைக்காத மனநோயாளிகளும் இருக்கிறார்கள். சோம்பல் என்று ஒரே வார்த்தையில் இவர்களை முடித்துவிடக் கூடாது.

கேள்வி: காப்பகத்தில் இடம் இருந்தும் சிலர் வர மறுத்து நடைபாதையிலேயே படுக்கிறார்களே, ஏன்?

பதில்: அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் காரணம் வரும். கணவன் மனைவியைப் பிரித்துத் தங்க வைப்பார்கள். வளர்க்கும் நாயை வெளியே விடச் சொல்வார்கள். இரவு வேலை முடிந்து வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள், காலையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். முன்பு தங்கியபோது பணம் திருடு போயிருக்கும். இன்னொரு பெரிய தடை, குடியை விட்டுவிட்டு வா, மருந்து சாப்பிட ஒத்துக்கொள், அப்புறம் பார்க்கலாம் என்கிற நிபந்தனை.

இந்த வரிசையையே மாற்றிப் பார்த்தவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். 1992-ல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய அமைப்பு முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தது. சிகிச்சையை அவரவர் விருப்பத்துக்கு விட்டு, உதவியை மட்டும் தொடர்ந்து வழங்கியது. பின்லாந்து 2008-லிருந்து இதையே நாட்டின் கொள்கையாக எடுத்துக்கொண்டு பழைய காப்பகங்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றியது. 1985-ல் ஹெல்சின்கி நகரத்தில் விடுதிகளிலும் காப்பகங்களிலும் 2,000-க்கு மேல் படுக்கைகள் இருந்தன, 2016-ல் 52 மட்டுமே இருந்தன. வாடகை வீடுகளைக் கட்டி வைத்ததால்தான் அது நடந்தது. வீடே இல்லாத ஊரில் காப்பகம் எத்தனை நன்றாக நடந்தாலும் உள்ளே வந்தவர் வெளியே போக வழி இருக்காது.

கேள்வி: நான் ஒரு காப்பகத்தில் தொண்டு செய்கிறேன். நாங்கள் வேலையும் அறையும் பிடித்துக் கொடுத்த ஒருவர் சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். உழைப்பெல்லாம் வீணா?

பதில்: இல்லை, அப்படி நினைத்து அவரிடம் முகம் சுளித்துவிடாதீர்கள். காப்பகத்தை விட்டுப் போன முதல் சில மாதங்கள்தான் ஆபத்தானவை. அதுவரை சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இப்போது தனி அறை, தனிமை, வாடகைத் தேதி, பழைய நண்பர்களின் அழைப்பு எல்லாம் சேர்ந்து வரும். நியூயார்க்கில் காப்பகத்திலிருந்து வெளியேறிய, கடுமையான மனநோய் உள்ள 96 ஆண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான உதவி, மறு பாதிக்கு அதோடு 9 மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பணியாளர். 18 மாதக் கணக்கில், துணை கிடைத்தவர்கள் சராசரியாக 30 இரவுகள் வீடில்லாமல் இருந்தார்கள், கிடைக்காதவர்கள் 91 இரவுகள். அந்த 9 மாதத்துக்குப் பிறகும் பலன் நீடித்தது என்பதுதான் எனக்கு ரொம்ப நம்பிக்கை தருகிறது.

அதனால் திரும்பி வந்தவரிடம் எது முதலில் கைவிட்டுப் போனது, வேலையா, வாடகையா, மருந்தா, பேச ஆள் இல்லாததா என்று பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த முறை அறை பார்க்கும்போது சாவி வாங்கும் நாளிலிருந்தே வாரம் ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது என்று பெயர் போட்டு முடிவு செய்துவிடுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். வாடகை ஒரு மாதம் தவறினாலே அவர் உங்களைக் கூப்பிட்டுவிடுவார், காலி செய்யச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.